ரோல் முடிக்க எடுத்த படங்கள்

ராயபுரம், காசிமேடு, பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கத்து வீடுகளில் பழைய ஆல்பங்களைப் புரட்டினால் ஆட்கள் நிறைய இருப்பார்கள், தெரு இருக்காது. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, வளைகாப்பு, ஞானஸ்நானம், புது நன்மை என்று ஒரு குடும்பத்தின் நல்லநாள் எல்லாம் வரிசையாக ஒட்டியிருக்கும். அந்தக் கல்யாணம் நடந்த தெரு எப்படி இருந்தது என்று தேடினால், மாப்பிள்ளை காருக்குப் பின்னால் மங்கலாக ஒரு ஓட்டு வீடும் பெட்டிக்கடைப் பலகையின் பாதியும் தெரியும். அவ்வளவுதான். தெருவைப் படமெடுக்க யாரும் பிலிம் செலவழித்ததில்லை. தெரு எங்கே போய்விடப் போகிறது என்ற நம்பிக்கை எல்லாருக்கும் இருந்தது.

அப்படியும் தெரு படத்துக்குள் வந்தது, வேறொரு வழியாக. ஒரு ரோலில் முப்பத்தாறு படம் ஓடும். விசேஷம் முடிந்த பிறகும் இரண்டு மூன்று மிச்சமிருக்கும். ரோல் முடியாமல் கழுவக் கொடுக்க யாருக்கும் மனசு வராது. படம் பார்க்கும் அவசரம் வேறு. "சும்மா எதையாவது எடுத்து முடிடா" என்பார்கள். பையன் வாசலில் நின்று தெருவை ஒன்று, மொட்டை மாடியிலிருந்து ஒன்று, எதிர்வீட்டு ஆட்டுக்குட்டியை ஒன்று எடுத்து முடிப்பான். பிரிண்ட் வந்ததும் அந்தப் படங்களை ஆல்பத்தில் ஒட்ட மாட்டார்கள். ஸ்டூடியோக்காரர் கொடுத்த காகித உறையிலேயே கிடக்கும். எங்கள் பேட்டையின் பழைய முகத்தைத் தேடி வீடு வீடாகக் கேட்டுப் பார்த்ததில் எனக்குக் கிடைத்த உருப்படியான சான்றுகளில் பாதிக்கு மேல் அந்த உறைகளுக்குள் இருந்தவைதான்.

அதில் ஒன்று கறுப்பு வெள்ளை. மாடியிலிருந்து கிழக்கே பார்த்து எடுத்தது. முன்னால் ஒரு சிமென்ட் தொட்டி, அதன் விளிம்பில் கவிழ்த்த பித்தளைக் குடம். கீழே தெருவில் கைப்பிடி தூக்கிய நிலையில் ஓர் அடிபம்பு. பக்கத்தில் பாவாடையைத் தூக்கிச் செருகிய ஒரு சிறுமி கேமரா பக்கமே திரும்பாமல் நிற்கிறாள். சுவரில் தேர்தல் சின்னம் பாதி உரிந்திருக்கிறது. அதற்கும் அப்பால் ஓலைக்கூரைகள், உலர்த்திய வலை, சாய்த்து வைத்த கட்டுமரங்கள், அப்புறம் அகலமாக மணல். மணல் முடிந்துதான் கடல். பின்பக்கம் நீல மையில் "1974 பொங்கல் மறுநாள், எங்க மாடி, கெழக்கால" என்று எழுதியிருக்கிறது. இன்று அதே மாடியில் நின்றால் கல் தெரியும். கருங்கல்லுக்கு அந்தப் பக்கம் உடனே அலை. படத்தில் இருக்கும் மணல் எங்கேயும் இல்லை.

மணல் போன கதை எங்கள் ஆட்களுக்கு நன்றாகத் தெரியும். 1870-களில் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் எழுப்பத் தொடங்கினார்கள். கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். சுவர் அதை மறித்தது. தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே வந்து சேரவேண்டிய மணல் வராமல், ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை கடல் கரையை அரித்தது. கல் கொட்டினார்கள், தூண்டில் வளைவு போட்டார்கள். ஒரு வளைவு போட்டால் அதற்கு அடுத்த குப்பத்தில் அரிப்பு கூடும். "எங்க தாத்தா காலத்துல இன்னும் நாலு வரிசை வூடு இருந்துச்சு" என்று பெரியவர்கள் சொல்வதை அலுவலகங்களில் கிழவர் கதையாகக் கேட்டுக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். ரோல் முடிக்க எவனோ எடுத்த ஒரு படம், பின்னால் வருஷமும் திசையும் எழுதிய ஒரே காரணத்தால், அந்தக் கதைக்குச் சாட்சி சொல்கிறது.

பேட்டையை வேலையாகவே படமெடுத்தவர்கள் அன்று இருந்தார்கள். ஆனால் அவர்கள் வெளியிலிருந்து வந்தவர்கள். கேமரா இந்தியாவுக்கு வந்த கொஞ்ச காலத்திலேயே சென்னைக்கும் வந்துவிட்டது. கம்பெனிப் படையின் லின்னேயஸ் டிரைப் 1858-ல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளை இருபத்தொரு படங்களாக எடுத்து, ஒட்டி, நீண்ட ஒரே சுருளாக்கினார். அந்த அளவு பொறுமையும் கருவியும் கற்களுக்குக் கிடைத்தன. சென்னைக் கரையில் அலையைத் தாண்டிப் பயணிகளைக் கொண்டுவந்து சேர்த்த மசூலா படகுக்காரர்களும் கட்டுமரக்காரர்களும் நூற்றுக்கணக்கான படங்களில் இருக்கிறார்கள். ஹிக்கின்பாதம்ஸ் போன்றவர்கள் வெளியிட்ட தபால் அட்டைகளில் அவர்கள் ஐரோப்பாவரை போனார்கள். ஆனால் அட்டையின் அடியில் 'மெட்ராஸ் படகோட்டிகள்' என்ற மாதிரி ஒரு வரிதான் இருக்கும். நிற்கிறவர் பெயர் இருக்காது. அவர் எந்தக் குப்பம், யார் மகன் என்பதைக் கேட்டு எழுதிக்கொள்ள ஒரு நிமிடம் போதும். அந்த நிமிடத்தை யாரும் செலவழிக்கவில்லை. ராயபுரத்தின் ராயப்பர் கோயிலைக் கட்டியதே எங்கள் படகோட்டிகள்தான் என்று பெருமையாகச் சொல்கிறோம். அந்தத் தலைமுறையில் ஒருவர் முகத்தையாவது பெயரோடு காட்ட முடிகிறதா என்றால் எனக்குத் தெரிந்து முடியவில்லை.

பிற்காலத்தில் நகரத்தைப் பற்றி எழுதியவர்களுக்கு நாம் நிறையக் கடன்பட்டிருக்கிறோம். எஸ். முத்தையா 1981-ல் சென்னை பற்றித் தன் முதல் நூலைக் கொண்டுவந்தார். 1991-ல் 'மெட்ராஸ் மியூசிங்ஸ்' பத்திரிகையைத் தொடங்கினார். 2004-லிருந்து ஆகஸ்ட் 22-ஐ ஒட்டிச் சென்னை தினம் கொண்டாடுகிற வழக்கம் வந்ததிலும் அவருக்குப் பங்குண்டு. அந்த ஆர்வத்தில் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஞாயிறு காலை நடக்கிறவர்களும் ராயபுரத்துக்கு வந்தார்கள். 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பிய நிலையத்தின் தூண்களை எடுத்தார்கள். பார்சிகளின் அக்னி ஆலயத்தை வாசலில் நின்று எடுத்தார்கள். இரண்டுமே எடுக்கவேண்டியவைதான். ஆனால் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் சந்தில் யாரும் திரும்பவில்லை. பழமை என்று பலகை மாட்டியதைத்தான் அவர்களால் பழமையாகப் பார்க்க முடிந்தது.

சொந்தமாகப் படமெடுக்க எங்களிடம் என்ன இருந்தது? கொஞ்சம் வசதியான வீட்டில் ஓர் ஆக்ஃபா கிளிக் திரீ இருக்கும். பன்னிரண்டு படம், சதுரமாக வரும். வெயில் இருந்தால் படம் விழும், இல்லாவிட்டால் இல்லை. ஊட்டியில் இருந்த அரசாங்கத் தொழிற்சாலையில் தயாரான 'இந்து' பிலிம் போட்டு எடுத்தவர்கள் உண்டு. அந்த ஆலை இப்போது இயங்கவில்லை. மற்றவர்களுக்கெல்லாம் ஸ்டூடியோதான். பெண்பிள்ளைக்குப் பூத் தைத்தால், பின்னலும் தெரியவேண்டும் முகமும் தெரியவேண்டும் என்று பின்னால் ஆளுயரக் கண்ணாடி வைத்து எடுப்பார்களே, அந்தப் படம் இல்லாத வீடு எங்கள் பக்கம் குறைவு. திரையில் மாளிகைப் படியும் அன்னப்பறவையும் இருக்கும். வெளியே வாசலில் மீன்கூடையும் சேறும் இருக்கும். கூடையும் சேறும் தன் பின்னால் விழுந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் மனிதர் காசு கொடுத்து உள்ளே போனார். இதில் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வருஷத்துக்கு ஒரு படம் எடுக்கிறவர், தான் விரும்புகிற இடத்தில் நிற்கத்தானே பார்ப்பார்.

அந்தக் கொஞ்சமும் மிஞ்சவில்லை. ஸ்டூடியோக்கள் மூடியபோது நெகட்டிவ்களை வெள்ளி எடுக்கிறவர்கள் எடைக்கு வாங்கிப் போனார்கள். பிலிமில் ஒட்டியிருக்கும் வெள்ளிக்கு விலை உண்டு, அதில் இருக்கும் முகத்துக்கு இல்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் கரையோர வீடுகளில் பெட்டியோடு ஆல்பம் போனது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் நகரம் முழுக்க மொட்டை மாடிகளில் ஆல்பங்களைப் பிரித்துக் காயப்போட்டார்கள். பக்கத்துக்குப் பக்கம் ஒட்டிக்கொண்டு, பிரித்தால் ஒருவர் முகம் இன்னொருவர் மேல் வந்தது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தமிழ் ஸ்டூடியோக்களின் பழைய படங்களை ஊர் ஊராகத் தேடி மின்படிகளாக்கினார்கள். அது பெரிய காரியம். ஆனால் அவர்கள் கதவைத் தட்டுவதற்கு முன்பே பழைய கடைக்குப் போய்விட்டவை எத்தனையோ.

இப்போது நிலைமை அப்படியே தலைகீழ். எங்கள் தெருவில் கேமரா இல்லாத வீடே இல்லை. கேமரா வைத்த போன் 2000-களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டாலும், எடுத்த படத்தை இன்னொருவருக்கு அனுப்பக் காசு பார்த்த காலம் அது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு அந்தக் கவலை போனது. மீன் ஏலக்கூடத்தில் ஐஸ் உடைக்கிற பையன், வேலைக்கு நடுவே வீடியோ எடுத்து, பாட்டு சேர்த்து, இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டு மறுபடி ஐஸ் உடைக்கப் போகிறான். மதிய நேரத்தில் கேரம் போர்டைச் சுற்றி நிற்கிற கூட்டம், ஞாயிற்றுக்கிழமை ஃபுட்பால், கானா பாடுகிற அண்ணன், மரண ஊர்வலத்தில் தெறிக்கிற பூ எல்லாம் இப்போது படமாகிறது. முன்பு இவற்றைச் சினிமாக்காரர்கள் வந்துதான் காட்ட வேண்டியிருந்தது. அவர்கள் காட்டிய வடசென்னையில் யார் கையிலாவது கத்தி இருந்துகொண்டே இருக்கும். பேட்டைப் பையன் எடுக்கிற வீடியோவில் அதே சந்தில் ஒருத்தி கோலம் போட்டுக்கொண்டிருக்கிறாள், தண்ணி லாரி வந்துவிட்டதென்று யாரோ கத்துகிறார்கள். எனக்கு இது சாதாரண மாற்றமாகத் தெரியவில்லை. எங்களைப் பற்றி அடுத்தவர் சொல்லிவைத்த வார்த்தையை முதல் தடவையாக நாங்களே திருத்துகிறோம்.

வெளியிலிருந்து வருகிறவருக்கும் உள்ளே இருக்கிறவருக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் காசிமேட்டைக் காட்டுவேன். ஞாயிறு விடியற்காலை மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனால் மீன் வாங்க வந்தவர்களுக்குச் சமமாகக் கேமராக்காரர்கள் நிற்பார்கள். விளக்கு வெளிச்சத்தில் மினுங்கும் வஞ்சிரம், சங்கரா, குவித்த நெத்திலி, பின்னால் சிவக்கிற வானம். அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் எல்லாரிடமும் ஒரே படம் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அறுபத்தொரு நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அப்போது கேமராக்காரர்களும் வரமாட்டார்கள். எங்களைக் கேட்டால், துறைமுகத்தின் கதை தெரிவதே அந்த நாட்களில்தான். படகைக் கரையேற்றிப் பலகை மாற்றுகிறார்கள், பெயின்ட் அடிக்கிறார்கள், நிழலில் உட்கார்ந்து வலை முடைகிறார்கள். நிவாரணப் பணம் வந்ததா என்று பேச்சு ஓடும். நகைக் கடன் சீட்டு சட்டைப்பையில் இருக்கும். வருமானம் இல்லாத வீட்டில் எந்தச் சாமான் முதலில் அடகுக்குப் போகும் என்பது உள்ளே இருக்கிறவனுக்குத்தான் தெரியும். நான் எங்கள் பிள்ளைகளிடம் கேட்பதெல்லாம், தடைக்காலத்தை எடுங்கள் என்பதுதான். சிலர் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த இடத்தில் எம். பழனிகுமாரைச் சொல்லாமல் போனால் நன்றிகெட்டதனம். மதுரையில் மீன் விற்ற ஒரு தாயின் மகன். தன் அம்மாவைப் படமெடுத்து அவரைப் பற்றி எழுதியவர். மலக்குழி மரணங்களைப் பற்றிய 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர்களில் ஒருவர். 2022-ல் 'பாரி' இணையதளத்தோடு சேர்ந்து புகைப்படக் கலைஞர் தயானிதா சிங் ஏற்படுத்திய ஆவணப் புகைப்பட விருதை முதலில் பெற்றவர். வடசென்னையில் தூய்மைப் பணியாளர், மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அவர் கேமரா கற்றுக்கொடுத்தார். அந்தப் பிள்ளைகள் எடுத்த படங்களைப் பார்த்தால் ஒன்று உறைக்கும். கேமரா தாழ்வாகவே இருக்கிறது; பிள்ளையின் கண் இருக்கும் உயரம். அம்மா துணி துவைக்கிறார், அப்பா வேலைக்குக் கிளம்புகிறார், வீட்டுக்குப் பின்னால் புகைக்கூண்டு நிற்கிறது. பரிதாபம் தேடி எடுத்த படங்கள் இல்லை. அம்மாவைப் பார்த்துப் பரிதாபப்பட எந்தப் பிள்ளைக்கும் தோன்றாது.

எண்ணூர்க்காரர்களுக்குப் படமெடுப்பது உயிர்ப் பிரச்சினையாகவே ஆனது. கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகத்தில் ஆறாயிரம் ஏக்கருக்கு மேல் கழிவெளி இருக்கிறது. 2017-ல் வெளியே வந்த ஒரு கடற்கரை மேலாண்மை வரைபடத்தில் அந்தக் கழிவெளியே இல்லை. 1996 வரைபடத்தில் இருந்தது. தண்ணீர் ஓடுகிறது, இறால் பிடிக்கிறார்கள், காகிதத்தில் மட்டும் ஆறு இல்லை! அதே ஆண்டு ஜனவரியில் டி.எம். கிருஷ்ணா எண்ணூரில் நின்று பாடிய புறம்போக்குப் பாடல் வெளியாகிப் பலர் கண்ணைத் திறந்தது. அதற்கு முன்னும் பின்னும் அன்றாடம் நின்று எடுத்தவர்கள் அந்த ஊர் மீனவர்கள்தான். சாம்பல் படிந்த தண்ணீர், கையில் அள்ளிய சேறு, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்து ஆறு முழுக்கப் பரவிய எண்ணெய் எல்லாமே முதலில் அவர்கள் போனில்தான் பதிவானது. எண்ணெய் ஒட்டிய கையால் போனைப் பிடித்து எடுத்த வீடியோக்கள் அவை. அதிகாரி வருவதற்கு முன், பத்திரிகை வருவதற்கு முன், தேதியும் நேரமும் இடமும் சொல்லி எடுத்து வைத்தார்கள். அப்படிச் சொல்லி எடுத்ததால்தான் இல்லை என்று மறுக்க முடியாமல் போனது.

எல்லாம் நல்லதாகவே நடக்கிறது என்று எழுதிவிட முடியாது. ஏலக்கூடத்துக்கு வெளியே மீன் விற்கிற ஓர் அக்காவிடம், பக்கத்துத் தெருத் தம்பி கேமராவை நீட்டியபோது அவர் சொன்னது இது: "எம்மூஞ்சி வோணாங் கண்ணு. மீன எடு, கூடைய எடு. போன மாசம் எவனோ எடுத்துப்போட்டு, இங்க கொள்ள வெலைக்கு விக்கிறாங்கன்னு எழுதிட்டான். எம்மருமவன் வூட்ல எல்லாம் பாத்துக் கேக்குறாங்க." அந்தத் தம்பி கேமராவை இறக்கிவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தான். பத்து நிமிஷம் கழித்து அவரே, "சரி, கைய எடுத்துக்கோ" என்றார். தழும்பும் செதிலுமாக அந்தக் கை, அரிவாள்மணைக்கு மேல். நான் பார்த்த காசிமேட்டுப் படங்களில் எனக்கு அதுதான் முதல். அன்றைக்குத் தபால் அட்டைக்கு நின்ற படகோட்டியிடம் யாரும் கேட்கவில்லை. இன்று எடுக்கிறவனும் நிற்கிறவரும் ஒரே தெரு. நாளைக்கும் முகத்தில் விழிக்க வேண்டும். கேட்காமல் எடுத்தால், முன்பு வெளியார் செய்ததையேதான் நாமும் செய்கிறோம்.

என்னை அதைவிட வாட்டுவது படத்தின் முதுகு. அன்று படம் குறைவு. ஆனால் பின்னால் ஒரு வரி எழுதும் பழக்கம் இருந்தது. யார், எந்த நாள், எந்த விசேஷம். இன்று ஒரு போனில் ஆயிரக்கணக்கில் படம் இருக்கிறது, ஒன்றிலும் ஒரு வரி இல்லை. தேதியெல்லாம் போனே பதிந்துகொள்கிறதே என்பார்கள். பதிந்துகொள்கிறதுதான். ஆனால் அதே படத்தை வாட்ஸப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்குவதோடு எடுத்த தேதியும் இடமும் உதிர்ந்துவிடுகின்றன. இன்ஸ்டாகிராமில் போட்டு அங்கிருந்து எடுத்தாலும் அப்படியே. நாலு குழு சுற்றி வருவதற்குள் அது யாருடைய தெரு என்றே தெரியாத ஒரு படமாகிவிடுகிறது. போன மழையில் எடுத்த வெள்ளப் படம் இந்த மழையில் மறுபடி வரும். வேறு ஊர் வெள்ளம் எங்கள் ஊர் என்று வரும். பொய் என்று ஒன்று தெரிந்தவுடன், உண்மையாக எடுத்ததையும் சேர்த்துத் தள்ளிவிடுகிறார்கள். எண்ணூர்க்காரர்கள் வாயால் தேதி சொல்லி எடுக்கக் கற்றுக்கொண்டது இதனால்தான்.

போட்ட இடமாவது நிலைக்குமா? இந்தத் தளங்கள் எல்லாம் வாடகை வீடு மாதிரி. உரிமையாளர் காலி செய்யச் சொன்னால் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஆர்குட் 2014-ல் மூடியது. வரைபடத்தில் இடம் குறித்துப் படம் ஏற்றும் பனோரமியோ என்று ஒன்று இருந்தது. யாரும் எட்டிப்பார்க்காத தெருக்களைக்கூட ஊர்க்காரர்கள் அதில் ஏற்றியிருந்தார்கள். அது 2016-ல் போனது. ஃப்ளிக்கர், இலவசமாக வைத்துக்கொள்ள ஆயிரம் படம்தான் என்று 2018-ல் வரம்பு போட்டது. கூகுள் கார் 2022-லிருந்து சென்னைத் தெருக்களைச் சுற்றிச் சுற்றி எடுத்துக் காட்டுகிறது, நல்லது. கார் நுழைகிற தெருவைத்தான் அது எடுக்கும். எங்கள் சந்தில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் திண்ணையில் ஏற வேண்டும்.

தண்டையார்பேட்டை அகஸ்தியா தியேட்டர் 2020-ல் மூடியபோது ஒரு வாரம் எங்கள் போன்கள் எல்லாம் அகஸ்தியாதான். முகப்பு, பெயர்ப்பலகை, பூட்டிய கேட். ஒவ்வொருவரும் முதல் நாள் முதல் காட்சி பார்த்த கதையை எழுதினார்கள். படித்துக் கண் கலங்கியவர்களில் நானும் ஒருவன். ஆனால் அந்தத் தியேட்டருக்குள் கூட்டம் நிறைந்திருந்த ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமையின் படம் வேண்டுமென்று கேட்டபோது யாரிடமும் கிடைக்கவில்லை. சைக்கிள் ஸ்டாண்டு டோக்கன், இடைவேளை முறுக்குக் கூடை, பெண்கள் வரிசைக் கவுன்டரின் கம்பி என எதுவுமே இல்லை. மூடுவார்கள் என்று தெரிந்தபிறகு எடுத்த படங்கள் அத்தனையும் பூட்டின் படங்கள். டி.எச். ரோட்டில் மெட்ரோவுக்குத் தோண்டியபோதும் இப்படித்தான். தகரத் தடுப்பு போட்ட பிறகு தடுப்பை எடுத்தோம். அதற்கு முன்னால் அங்கே வரிசையாக இருந்த கடைகள் எந்த ஒழுங்கில் இருந்தன என்று இப்போது இரண்டு பேர் சொன்னால் இரண்டு விதமாக இருக்கிறது.

இடம் பெயர்ந்தவர்களை நினைத்தால் இதன் அருமை இன்னும் தெரியும். கூவக்கரையிலிருந்தும் நகரத்தின் மற்றப் பகுதிகளிலிருந்தும் கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று கொண்டுபோய்க் குடிவைத்தவர்கள் இருக்கிறார்கள். பிறந்த தெருவே இடிந்துபோனவர்கள். அவர்களுக்குத் திரும்பிப் போய்ப் பார்க்க ஓர் இடம் இல்லை. யாராவது எடுத்து வைத்த படம் இருந்தால் உண்டு. அப்படிப்பட்ட குடும்பங்களில், தெருவில் நடந்த ஒரு கூழ் வார்த்தலின் இரண்டு நிமிட வீடியோவைப் போனுக்குப் போன் மாற்றி மாற்றிக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அதில் கூழைப் பார்ப்பதில்லை. பின்னால் தெரிகிற கதவு யாருடையது, அந்தத் திண்ணையில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறார்கள்.

அதனால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் சிலரும் நானும் இப்போது ஓர் ஒழுங்கு வைத்திருக்கிறோம். அழகாக இருப்பதைத் தேடிப் போவதில்லை. ரேஷன் கடை வரிசை, மாவு மில், இஸ்திரி வண்டி, தண்ணி லாரிக்கு முன்னால் கயிறு கட்டி நிறுத்திய பிளாஸ்டிக் குடங்கள், துருப்பிடித்து இன்னும் நிற்கிற அடிபம்பு என்று, யாரும் படம் என்று நினைக்காதவற்றைத் தெருத் தெருவாக எடுக்கிறோம். ஒவ்வொன்றுக்கும் கோப்பின் பெயரிலேயே தேதி, தெரு, எந்தத் திசையைப் பார்த்து எடுத்தது என்று தமிழில் எழுதுகிறோம். அசல் கோப்பு இரண்டு ஹார்டு டிஸ்க்கில், இரண்டு வெவ்வேறு வீடுகளில் இருக்கும். முகம் இல்லாதவற்றையும், முகத்துக்கு உரியவர் சரி என்று சொன்னவற்றையும் விக்கிமீடியா காமன்ஸில் ஏற்றுகிறோம். அங்கே படத்தோடு விவரத்தைத் தமிழிலேயே எழுதலாம், யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், தேதி உதிராது. இன்ஸ்டாகிராமிலும் போடுகிறோம், ஏனென்றால் எங்கள் தெரு ஆட்கள் இருப்பது அங்கேதான். ஆனால் அது காட்டுகிற இடம். வைக்கிற இடமாக அதை நம்புவதில்லை.

பழைய உறைகளில் கிடைத்தவற்றை ஸ்கேன் செய்யும்போது பெரியவர்களை உட்காரவைத்துப் பேசச் சொல்லிக் குரலையும் பதிகிறோம். இதுதான் இந்த வேலையில் எல்லாருக்கும் பிடித்த பகுதி. அந்த 1974 படத்தைப் பெரிதாக்கி டிவியில் போட்டபோது, சுவரில் உரிந்த சின்னம் எந்தக் கட்சியுடையது என்பதில் ஆரம்பித்த சண்டை, அடிபம்பு யார் வீட்டுக்கு நேராக இருந்தது என்பதில் வந்து நின்றது. "அது செல்வி வூட்டாண்ட இல்லடா, அதுக்கு வடக்கால" என்று ஓர் ஆயா எழுந்தே விட்டார். இன்னொருவர், "ஆயா, நீ கல்யாணமாகி வந்ததே எழுபத்தாறுல" என்றார். அடிபம்புப் பக்கத்தில் நிற்கிற சிறுமி யார் என்று இதுவரை மூன்று பெயர் வந்திருக்கிறது. மூன்றையும், சொன்னவர் யார் என்பதோடு சேர்த்து, படத்தின் விவரக்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறோம். அடுத்த ஞாயிறு செல்வியின் அக்கா மணலியிலிருந்து வருகிறார். அவரிடமும் கேட்க வேண்டும்.